அறுபது டிகிரிக்கு மேல்

அறுபது டிகிரிக்கு மேலே தீப்பிடித்தால் அது அம்மா. அதற்குக் கீழே பிடித்தால் அபாயக் கழிவு. உப்பரப்பேட்டில் செத்தவர்களைப் பற்றி அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைப் பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தவள் ஞானசுந்தரி.

ஊருக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மின்சார வண்டிகளின் பழைய பேட்டரிகளைப் பிரித்துக் கழுவுகிற ஆலை ஒன்று ஊருக்குக் கிழக்கே இருபத்திரண்டு வருஷமாக நடந்துவந்தது. கழுவுகிற திரவத்துக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. ஊரார் அதைக் கழுவெண்ணெய் என்றார்கள். அது மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரில் கலந்து, அடிபம்பு வழியாக ஆட்களுக்குள் வந்து, உடம்பின் கொழுப்பில் சத்தம் போடாமல் குடியேறியது. உயிரோடு இருக்கிற வரை அதனால் ஒரு தொந்தரவும் இல்லை என்றது ஆலை. கிட்னி கெட்டுப் படுக்கையில் விழுந்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். செத்த பிறகு என்ன ஆகும் என்பதில் மட்டும் இரண்டு கருத்து இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலை, தகனமேடையின் உலைக்குள் வைத்த உடலிலிருந்து கழுவெண்ணெய் ஆவியாகக் கசிந்து நிறைந்திருக்கிறது. பர்னரைப் பற்றவைத்ததும் இரும்புக் கதவு பிய்த்துக்கொண்டு பறந்தது. செத்தவரின் மகனோடு சேர்த்து நாலு பேர் போனார்கள்.

ஆலையை மூடியிருப்பார்கள் என்றுதான் நினைப்பீர்கள். அடிபம்புகளுக்குச் சீல் வைத்து, லாரியில் தண்ணீர் அனுப்பி, ஒரு விதி போட்டார்கள். உப்பரப்பேட்டில் யார் செத்தாலும் வயிற்றுக் கொழுப்பில் கொஞ்சம் எடுத்து எண்ணெயாகப் பிழிந்து, மூடிய கிண்ணத்தில் சூடாக்கி, எத்தனை டிகிரியில் பற்றுகிறது என்று பார்க்க வேண்டும். அறுபதுக்குள் பற்றினால் உடலை நீல பீப்பாயில் உட்கார வைத்து, மஞ்சள் சீட்டு ஒட்டி, ஆலை வளாகத்திலேயே உள்ள குழியில் இறக்கிவிடுவார்கள். பெட்ரோல் கசடுக்காக என்றோ அச்சடித்த படிவத்தையே இதற்கும் எடுத்துக்கொண்டார்கள். அதில் ‘கழிவின் விவரம்’ என்ற கட்டத்தில் செத்தவரின் பெயர். ‘கழிவை உருவாக்கியவர்’ என்ற கட்டத்தில் பிள்ளையின் கையெழுத்து. சோதனை நடப்பதற்கு முன்பே அந்தக் கையெழுத்தை வாங்கிவிடுவார்கள்.

சோதனை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. எண்ணெயைக் கிண்ணத்தில் கோடு வரை ஊற்றி மூட வேண்டும். இயந்திரம் மெதுவாகச் சூடேற்றும். ஒவ்வொரு டிகிரிக்கும் மூடியில் ஒரு சின்னத் துவாரம் திறந்து, குண்டுமணி அளவு தீ ஒன்று எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். ஆவி போதுமான அளவு சேர்ந்திருந்தால் பொக்கென்று ஒரு நீல வெளிச்சம். வெளிச்சத்தைக் கேமரா பிடிக்கும், டிகிரி எண்ணைக் கணினி உடனே தலைமையகத்துக்கு அனுப்பிவிடும். இதில் மனுஷி எதற்கு என்றால், தப்பு நடந்தால் பிடித்துக்கொள்ள ஒரு பெயர் வேண்டுமே, அதற்குத்தான். ஒரு உடலுக்கு ஒரே சோதனை என்று பிறகு ஒரு திருத்தமும் வந்தது. ‘இன்னொரு தடவ பாருங்கம்மா’ என்று ஜனங்கள் காலில் விழுவதைத் தாங்க முடியாமல், அந்தத் திருத்தத்தைக் கேட்டு எழுதியவளே ஞானசுந்தரிதான்.

அவள் கையில் இருந்தது ஒன்றே ஒன்று. இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னால், பிணவறையிலிருந்து எண்ணெய் வருகிற சீசாவின் மூடி.

போன வருஷம் ஒரு பையன் வந்தான், காலேஜ் சட்டைகூட மாற்றாமல். அம்மாவின் பெயரைக் கழிவின் விவரத்தில் எழுதிவிட்டு, தன் பெயரை எழுதாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். “மேடம், இதுல உருவாக்கியவர்னு இருக்கு. எங்கம்மாதான என்னை...” என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. ஞானசுந்தரிக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சீசாவை மேசைமேல் திறந்தபடி வைத்துவிட்டு வெளியே போய் டீ குடித்தாள். திரும்பி வரும்போது அறை முழுக்கப் பழுத்த கொய்யா வாசனை. கழுவெண்ணெயின் வாசனை அது. பறக்க வேண்டியது பறந்து போய், சீசாவில் வெறும் கொழுப்புதான் மிச்சம். அறுபத்தொன்பதில் பற்றியது. பையன் அம்மாவை வாங்கிக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் டீ குடிப்பது வழக்கமாகிவிட்டது. உடலுக்குள் இருப்பது உடலுக்குள்ளேயே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தகனமேடை ஆட்களுக்கும் தெரியும். உலைக் கதவைத் திறந்து வைத்து, இளஞ்சூட்டில் ஒரு மணி நேரம் விட்டு, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னால் ஒன்றும் ஆகாது. நீலமாக எரியும், அவ்வளவுதான். அதை விதியாக எழுதத்தான் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. பிணவறை உதவியாளன் பிச்சாண்டி ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைப்பான், அவள் மூடியைக் கழற்றுவதைப் பார்ப்பான், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசாத விஷயத்துக்குச் சாட்சி இல்லை என்பது இருவரின் எண்ணம். அந்த மௌனத்தில் ஒரு மரியாதையும் இருந்தது.

பதினோரு மாதம் கழித்து ஒரு மத்தியானம் வடமலை வந்தார். ஆலையில் பதினேழு வருஷம் பீப்பாய் தூக்கியவர், இப்போது ஆலைமேல் வழக்குப் போட்டிருப்பவர். ஒரு கால் முட்டி மடங்காது. இழுத்து இழுத்துத்தான் நடப்பார். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி இடது கை வீங்கிப்போயிருந்தது.

“உக்காருங்கண்ணா.”

“குந்தறதுக்கு வர்லம்மா. ஒன்னு கேக்கணும். பதினோரு மாசத்துல முப்பத்தோரு பேரு செத்துக்கிறாங்கோ. ஒருத்தர்கூட பத்திக்கல. எங்க ஜனமெல்லாம் திடீர்னு சுத்தமாயிடுச்சா?”

அவள் மேசைமேல் இருந்த பதிவேட்டை மூடிவைத்தாள்.

“மூடிய தொறந்து வெக்கிற.”

“யாருண்ணா சொன்னாங்க?”

“யாரு சொல்லணும்? ஆலையில மூடி சரியா மூடலன்னா காலைல பீப்பா லேசா இருக்கும். எங்கடா போச்சுன்னு மேஸ்திரி அடிப்பான். அடி வாங்கினவனுக்குத் தெரியாதா?” சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த அரசாணை நகல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். “நீ பண்ணது புண்ணியம்னு நெனச்சுக்கினு இருக்க. இத்தப் படி.”

படித்தாள். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் ஓர் ஊரில் ஒரு உடல்கூட எரிதன்மை காட்டாவிட்டால், அந்த ஊர் பாதிக்கப்பட்ட பகுதி அல்ல. ஆலை செய்த சுத்திகரிப்புக்குப் பலன் கிடைத்ததாகக் கருதப்படும். தண்ணீர் லாரி நிறுத்தப்படும். சீல் வைத்த அடிபம்புகள் திறக்கப்படும். வழக்கு முடித்துக்கொள்ளப்படும். இரண்டு தடவை படித்தாள். ஒவ்வொரு வரியிலும் தன் கை இருந்தது அவளுக்குப் புரிந்தது.

“நான் எழுதிக் குடுத்துடறேண்ணா. தப்பு பண்ணினது நான்தான்னு.”

“குடுத்தா? முப்பத்தோரு வீட்லயும் கையெழுத்து போட்டவன் உள்ள போவான். அபாயக் கழிவ ஊர் சுடுகாட்ல கொளுத்துனான்னு. படிவத்துல பெத்த புள்ளைங்க பேருதான இருக்குது.”

“அப்ப இனிமே திறக்க மாட்டேன். அடுத்த உடம்புலயே...”

“இன்னும் இருபத்தாறு நாளு. அதுக்குள்ள யாராவது சாவணும்ல?” அவர் சிரிக்கவில்லை; லோடு ஏற்ற வண்டி வருமா வராதா என்று பேசுகிற குரலில்தான் பேசினார். “வீடு வீடா பாத்துட்டேன். சாவற கெதில ஒருத்தரும் இல்ல, என்னத் தவிர. நாளைலேர்ந்து டயாலிசிஸ் போவல. நிறுத்துனா பத்து, பதினஞ்சு நாளுதான்னு டாக்டரு சொல்லிக்கிறாரு.”

“அண்ணா, வேணாம். வேற வழி இருக்கும்.”

“இருந்தா சொல்லு.”

அவள் காகிதத்தை மறுபடி விரித்துக் கடைசி வரி வரை தேடிப் பார்த்தாள்.

“வீட்ல அக்காவுக்குத் தெரியுமா?”

“அவளாண்ட சொன்னா கால கட்டிக்கினு அழுவா. உடம்புக்கு முடியலன்னு படுத்துக்குவேன், அவ்ளோதான். இத பாரும்மா, எம் புள்ளைங்க ரெண்டும் எங்கயோ பொழைக்குதுங்க, அதுங்களுக்கு இல்ல. எங்க தெருவுல மட்டும் பதினாலு கொழந்தைங்க லாரித் தண்ணில வளருதுங்க. பம்புத் தண்ணின்னா என்னன்னே அதுங்களுக்குத் தெரியாது. மூடிய இறுக்கி மூடு. என்னப் பீப்பாயில போடு. வேற ஒன்னும் உன்னாண்ட கேக்கல.”

அவள் தலையை ஆட்டினாள். வாசல் வரை கூடவே போனாள். அந்த ஒரு தலையாட்டலுக்காக அவளை அவளே பிறகு எத்தனையோ தடவை திட்டிக்கொண்டாள். ஆனால் அன்று வேறு என்ன செய்திருப்பாள் என்று எனக்கும் தெரியவில்லை.

பதினாலாம் நாள் விடியற்காலை வடமலை போனார். சுலபமான சாவு இல்லை அது. உடம்பில் தண்ணீர் ஏறி, மூச்சுக்குத் திணறி, கடைசி மூன்று நாள் ஆள் அடையாளம் தெரியாமல் கிடந்தார். ஆஸ்பத்திரி என்று யாராவது பேச்சை எடுத்தால் மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாராம்.

ஞானசுந்தரி பக்கத்து ஊரிலிருந்து எட்டு மணி பஸ்ஸில் வந்து இறங்கும்போது சோதனைக்கூட வாசல் படியில் கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள், வடமலையின் மனைவி. வாசலோரம் பிச்சாண்டி ஐஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நீ என்ன செய்வேன்னு ஊருக்கே தெரியும்மா,” என்றாள் கன்னியம்மா. அழுது அழுது குரல் போயிருந்தது. “வாயால கேக்கக் கூடாதுன்னும் தெரியும். கேட்டுட்டேன். முப்பத்தோரு பேருக்குச் செஞ்ச. இவுருக்கும் செஞ்சுடு.”

“அக்கா, சட்டப்படி என்னவோ அதுதான் நடக்கும்.”

“அவுருக்கு முட்டி மடங்காது.” கன்னியம்மா அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். “பீப்பாயில குந்த வெப்பாங்களாமே. மடங்கலன்னா ஒடைப்பாங்களாமே. உசுரு இருக்கறப்ப அந்த முட்டில எண்ணெய் தேய்க்கக்கூட வுடமாட்டாரு, அப்டி வலிக்கும்னுவாரு.”

அவர் கேட்டுக்கொண்டதை இவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. உன் புருஷன் உன்னிடம் மறைத்துச் செத்தார் என்று, அவர் செத்த அன்றைக்கே எப்படிச் சொல்வது? “போங்கக்கா, நிழல்ல உக்காருங்க,” என்று மட்டும் சொல்லி, தலைப்பை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். பிச்சாண்டி துடைத்த பெட்டியையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

செத்தவர் வழக்காளி என்பதால் மாவட்ட அதிகாரி அமிர்தகடேசன் நேரில் வந்துவிட்டார். நல்ல மனிதர், யாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டார்.

“யாரும் எதுவும் சொல்லிடக் கூடாது பாருங்க. கூடக்குறைச்சல் இல்லாம நடந்ததுன்னு நானே கையெழுத்து போட்டுடறேன்.”

“நல்லது சார்,” என்றாள். உண்மையிலேயே அவளுக்கு நல்லதாகத்தான் பட்டது. அதிகாரி சாட்சியாக இருக்கும்போது வருகிற எண்ணை யார் மறுக்க முடியும்?

பத்தரைக்குப் பிச்சாண்டி சீசாவைக் கொண்டுவந்து வைத்தான். மூடி இறுக்கமாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த மாதிரி செய்தாள். கிண்ணத்தை ஐஸில் குளிரவைத்து, சீசாவைத் திறந்த மறுநொடி ஊற்றி, மறுநொடி மூடினாள். கொய்யா வாசனை வரவில்லை. அவ்வளவு வேகமாக மூடிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

முப்பது. முப்பத்தைந்து. பதினேழு வருஷம் பீப்பாய் தூக்கியவர்; நாற்பதைத் தாண்டாது என்று அவளுக்கு நிச்சயம். நாற்பத்திரண்டு. தீ எட்டிப்பார்த்துவிட்டுப் போனது. நாற்பத்தெட்டு. அமிர்தகடேசன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஐம்பத்தைந்து. பத்திக்கோண்ணா, பத்திக்கோ என்று மனசுக்குள் கெஞ்சினாள். ஐம்பத்தொன்பது. அறுபது. அறுபத்தொன்று. தீ உள்ளே வந்தது, பார்த்தது, போனது. எழுபத்திரண்டில், யாருக்கும் வேண்டாத நேரத்தில், பொக்கென்று ஒரு நீல வெளிச்சம்.

“எழுபத்திரண்டு,” என்றார் அமிர்தகடேசன். “ஊரையே கூட்டிட்டுப் போராடினார். அவர் உடம்புலயே ஒண்ணும் இல்ல பாருங்க.”

“சார், இன்னொரு தடவை பாக்கணும். எங்கயோ தப்பு.”

“ஒரு உடலுக்கு ஒரே சோதனை. நீங்க கேட்டு வாங்கின திருத்தமாச்சேம்மா அது.” எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “அந்தம்மா வெளிய காத்துட்டிருக்காங்க. சீக்கிரம் குடுத்து அனுப்புங்க, பாவம்.”

அவர் ஜீப் கிளம்பிய பிறகு பிச்சாண்டி உள்ளே வந்தான். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த விஷயத்தைப் பற்றி வாயைத் திறந்தான்.

“ஆபீசரு பக்கத்துலயே குந்திக்கினா நீங்க எப்டிக்கா தொறப்பீங்க? அதான் நானே பாத்துக்கினேன். பிணவறை ஜன்னலாண்ட நல்ல வெயிலு. முக்கா மணி நேரம் தொறந்து வெச்சு அப்பால மூடி எடுத்தாந்தேன். கொய்யா வாசன மொத்தமா பூடுச்சு.” அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றான். நல்லது செய்துவிட்டு ஒரு வார்த்தைக்குக் காத்திருக்கிற முகம். “தப்பாக்கா?”

வெளியே கன்னியம்மா யாரிடமோ, குடுத்துட்டாங்களாம், குடுத்துட்டாங்களாம் என்று சொல்லி அழுவது கேட்டது.

“இல்ல பிச்சாண்டி,” என்றாள் ஞானசுந்தரி. “நல்ல காரியம்தான் பண்ணின.”

மிச்சம் பன்னிரண்டு நாள் இருந்தது. தினமும் காலையில் பஸ்ஸில் ஏறும்போது, இன்று உப்பரப்பேட்டில் யாராவது செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். கிழவர்களாக இருந்தால் போதும் என்று ஆரம்பித்தது, கடைசி இரண்டு நாளில் யாராக இருந்தாலும் சரி என்று ஆகிவிட்டது. யாரும் சாகவில்லை. அப்படி வேண்டிக்கொண்ட வாயோடு அவள் அப்புறம் எந்தக் கோவிலுக்கும் போகவில்லை. பதின்மூன்றாம் நாள் தண்ணீர் லாரி வரவில்லை. அதற்கு மறுநாள் ஆட்கள் வந்து அடிபம்புகளின் சீல்களை உடைத்து, கைப்பிடிகளுக்கு எண்ணெய் போட்டு, பச்சை பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். துல்லியமான பணிக்காகச் சோதனைக்கூடத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது.

பதினாறாம் நாள் கருமாதி. போகாமல் இருக்கத்தான் பார்த்தாள். கன்னியம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தாள். தெருவில் ஷாமியானா. வடமலையின் படத்துக்கு மாலை. படத்துக்கு முன்னால் வாழையிலையில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்திருந்தார்கள். தெருக்கோடியில் புது பச்சை பம்பில் நாலைந்து பிள்ளைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று அடிக்க, மற்றவை கையேந்திக் குடித்தன. அவர்கள் விளையாட இப்படியொரு சாமான் அந்தத் தெருவில் இதுவரை இருந்ததில்லை.

கன்னியம்மா ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“முழுசா அனுப்பி வெச்சேம்மா. முட்டி நீட்டினபடியே போனாரு. நீலமா எரிஞ்சாரு, பாக்கவே அவ்ளோ அழகா இருந்துது. எல்லாம் உன்னாலதான்.”

“நான் ஒண்ணும் பண்ணலக்கா.”

“நீ அப்டித்தான் சொல்லுவ. கேஸு தோத்துப்போச்சேன்னு ஊர்ல ரெண்டு பேரு பேசினாங்கோ. போனா போவுது. தண்ணி சுத்தமாயிடுச்சுன்னு கவர்மென்ட்டே சொல்லிட்டான், அதுக்குதான இவுரு இத்தினி வருஷம் அலைஞ்சாரு. நின்னுக்கினே இருக்கியே, வெயில்ல வந்திருக்க, இரு.”

உள்ளே போய் எவர்சில்வர் சொம்பு நிறையக் கொண்டுவந்து, டம்ளரில் ஊற்றி நீட்டினாள். இப்போதுதான் பம்பில் அடித்த தண்ணீர், டம்ளரின் வெளிப்பக்கமெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. டம்ளரை வாய்க்கருகே கொண்டுபோனதும் ஞானசுந்தரிக்கு அந்த வாசனை வந்தது.

“லேசா கொய்யாப்பழ வாசன வருதுல்ல?” என்றாள் கன்னியம்மா. “சீல் வெக்கறதுக்கு முன்னாடியும் இப்டித்தான் இருக்கும். நல்ல தித்திப்பா இருக்கும், குடி.”

பிள்ளைகள் பம்பை அடித்துக்கொண்டே இருந்தன. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துக் கை கூப்பினார்கள். அதில் அந்தக் காலேஜ் பையனும் இருந்தான். ஞானசுந்தரி டம்ளரைக் காலி செய்தாள். கன்னியம்மா சொம்பைச் சாய்த்து மறுபடி ஊற்றினாள்.